மூத்தாரின் சட்டைப் பையும் ஒரு பித்தளை இன்சர்ட்டும்

நான் சுவரிடம் நன்றாகப் பேசுவேன். கதவிடம் இன்னும் நன்றாகப் பேசுவேன். மனிதர்களிடம்தான் கொஞ்சம் திக்கும். இதை என் அம்மா வீட்டில் கூச்சம் என்றார்கள். மாமியார் வீட்டில் அடக்கம் என்றார்கள். பெயர் மாறியதே தவிர நோய் அதேதான்.

சுவரிடம் பேசப் பழகியது கல்யாணத்துக்குப் பிறகு. என் வீட்டுக்காரரின் அண்ணனை நாங்கள் மூத்தார் என்போம். மூத்தார் எதிரில் தம்பி பெண்டாட்டி உட்காரக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. அவரும் பேச மாட்டார். நடுவில் ஓர் ஆள் இருந்தால் அவர் மூலமாகப் பேசலாம். ஆள் இல்லாவிட்டால் பொதுவாகச் சொல்லலாம். "யாராச்சும் தண்ணி குடுத்தா தேவல" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் சொம்பைக் கொண்டுவந்து சுவர் ஓரமாக வைத்துவிட்டு வருவேன். (சுவர் குடித்து நான் பார்த்ததில்லை.)

இந்த ஏற்பாட்டில் ஒரு குடும்பத்தை நடத்திவிடலாம். ஒரு கம்பெனியை நடத்த முடியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் நெல் நிலம் மனையாகி விற்றுப் போன பிறகு, வீட்டை ஒட்டி மிச்சம் இருந்த மூலையில் மூத்தார் ஒரு தகரக் கொட்டகை போட்டு, உள்ளே பிரிண்டர்கள் வாங்கி வைத்தார். காகிதத்தில் அடிக்கிற பிரிண்டர் இல்லை. பிளாஸ்டிக் கம்பியை உருக்கி, முறுக்கு பிழிகிற மாதிரி அடுக்கடுக்காகப் பிழிந்து பெட்டியாகக் கட்டுகிற பிரிண்டர். (நான் பிழிந்த முறுக்கு ஒரு நாளும் அவ்வளவு நேராக வந்ததில்லை.) மூத்தாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி அக்காவும் நானும் பெட்டியில் ஒட்டியிருக்கும் பிசிறுகளைச் சுரண்டிக் கொடுப்போம். இதற்குக் 'கூடமாட ஒத்தாசை' என்று பெயர். வேலை என்று பெயர் வைத்தால் சம்பளம் என்று ஒன்று கொடுக்க வேண்டியிருக்கும்.

கம்ப்யூட்டரில் பெட்டியை வரைந்து கொடுக்க ஒருவர் இருந்தார். அவர் திடீரென்று நின்றுவிட்டார். அப்போதுதான் அக்கா என்னைப் பற்றி மூத்தார் காதில் போட்டாள். என் மகள் பாலிடெக்னிக்கில் படித்தபோது, அவள் வீட்டில் உட்கார்ந்து வரைவதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தேன். அவள் வேலை கிடைத்து ஓசூருக்குப் போகும்போது பழைய லேப்டாப்பை எனக்கு விட்டுப் போனாள். ப்ளஸ் டூவோடு நின்ற நான், அதில் சோப்பு டப்பா, சாமி விளக்கு என்று வரைந்து வரைந்து சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூத்தார் அன்றைக்குச் சுவரிடம் நீளமாகவே பேசினார்.

"தவளக்குப்பத்துக்காரரு ஆர்டர வூட்டுலயே யாராச்சும் வரைஞ்சி குடுத்து, அது நல்லபடியா போச்சின்னா, அந்த சீட்டு அவங்களுக்குத்தான். மாசச் சம்பளமே போட்டுடலாம்."

கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டினேன். அக்கா அதைப் பார்த்து, "சரின்றா" என்று மொழிபெயர்த்தாள்.

அந்த சீட் என்பது பஞ்சு பிதுங்கிய ஒரு சுழல் நாற்காலி. அதைப் போல ஒரு பொருளுக்கு நான் அதுவரை ஆசைப்பட்டதில்லை. தாலிக்குக் கூட. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மூத்தார் கொட்டகையில் இருக்கும்போது நான் உட்கார முடியாது. அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவேன். அப்படியாக, உலகத்திலேயே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வரைந்த டிசைனர் நானாகத்தான் இருப்பேன்.

தவளக்குப்பத்துக்காரர் செய்வது, வயல் மோட்டாரை செல்போனிலேயே போட்டு நிறுத்துகிற கருவி. பாகூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் கட்டிலில் படுத்துக்கொண்டே தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்தக் கருவிக்குத்தான் பெட்டி. பழைய பெட்டியில் ஸ்குரூவை நேராகப் பிளாஸ்டிக்கில் முறுக்கினார்கள். இரண்டு தரம் கழற்றி மாட்டினால் மரை தேய்ந்து, மூடி ஆட ஆரம்பித்துவிடும். இந்தத் தடவை உள்ளே பித்தளை வேண்டும் என்று கேட்டார்.

அதற்கு இன்சர்ட் என்று பெயர். மிளகைவிடச் சற்றுப் பெரிய பித்தளைக் குழாய். வெளியே சொரசொரப்பு, உள்ளே மரை. பெட்டியின் உள்மூலைகளில் நிற்கும் தூண்களில் தொளை விட்டு, அதன் மேல் இந்த இன்சர்ட்டை வைத்து, சூடான சால்டரிங் கம்பியால் அழுத்தினால், பிளாஸ்டிக் இளகி அதைக் கவ்விக்கொள்ளும். பிறகு ஸ்குரூ அந்தப் பித்தளைக்குள் போகும். ஆகவே தொளை ஸ்குரூவின் அளவுக்கு இல்லை, இன்சர்ட்டின் வெளி அளவுக்கு இருக்க வேண்டும். இதை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

தவளக்குப்பத்துக்காரர் மாதிரிக்கு நாலைந்து இன்சர்ட் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூத்தார் அவற்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிறியதாக எது கிடைத்தாலும் அவர் பைக்குள்தான் போகும். சாவி, சிம் கார்டு, கோயில் குங்குமப் பொட்டலம், இன்சர்ட். அந்தப் பை ஒரு தனி உலகம். போனவை திரும்பியதில்லை.

கம்ப்யூட்டரில் தொளை போடுவதற்கு என்று ஒரு பெட்டி திறக்கும். இன்சர்ட்டுக்கான தொளை என்று தேர்ந்தெடுத்தால், வெளிச்சுற்று எவ்வளவு என்று ஒரு வெற்றுக் கட்டம் கேட்கும். அதை நிரப்பாவிட்டால் கீழே இருக்கும் ஓகே பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும்.

"அக்கா, அந்த இன்சர்ட் ஒண்ணு வாங்கிக் குடுங்க, அளந்துக்கிறேன்" என்றேன்.

"தொலைஞ்சிடும்னு என் கையிலயே குடுக்க மாட்டேன்றாரு. இன்னா சைஸுன்னு மட்டும் கேட்டுச் சொல்றேன்."

போய்விட்டு வந்தாள். "எம் த்ரீயாம்."

அது உள்ளே போகிற ஸ்குரூவின் அளவு. "வெளிச்சுத்து எவ்ளோன்னு கேளுங்கக்கா."

மறுபடி போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் எனக்கே கேட்டது. "அதான் எம் த்ரீன்னு சொன்னன்ல. அதுக்கு மேல இன்னா வேணுமாம்?"

அக்கா திரும்பி வந்து இடுப்பில் கை வைத்தாள். "இதோ பாரு அமுதா, நான் பஸ் கண்டக்டரு இல்ல, முன்னாடியும் பின்னாடியும் போயிட்டு வர. ஒலையில அரிசி கெடக்குது."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறவர். "நாளைக்கு அண்ணன்கிட்ட கேட்டு வாங்கியாறேன்" என்றார். மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போய்விட்டார்.

இன்சர்ட் ஒரு சுவர் தள்ளி, ஒரு மெல்லிய வெள்ளைச் சட்டைத் துணிக்குள் இருந்தது. நாலு எட்டு நடந்து, "அதைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டிருந்தால் முடிந்தது. நாலு எட்டு. நான் எங்கள் ஊரிலிருந்து வில்லியனூருக்கு நடந்தே போயிருக்கிறேன். இந்த நாலு எட்டு நடக்க முடியவில்லை.

தொளைப் பெட்டியில் இன்னொரு வழியும் இருந்தது. வெறும் மரைத் தொளை. எம் த்ரீ என்று தொட்டால் போதும், எல்லாக் கட்டங்களையும் அதுவே நிரப்பிக்கொள்ளும். ஓகே பொத்தான் உயிர் வந்து நீலமாகிவிடும். ஒன்றுமே கேட்காத அந்த வழி எனக்குப் பிடித்துப் போனது. வாழ்க்கையையே அப்படித்தானே ஓட்டிக்கொண்டிருந்தேன். தொட்டேன்.

ஆள் நுழைய வாசல் வைக்கச் சொன்னால், அந்த ஆளின் மடியில் இருக்கும் சாவி நுழைகிற அளவுக்கு வாசல் வைத்திருந்தேன். அதோடு விட்டேனா? சின்னத் தொளைக்கு எதற்குக் குண்டுத் தூண் என்று, தூண்களையும் இளைக்க வைத்தேன். ஒல்லியாக, அழகாக நின்றன. பெண் பார்க்க வந்தவள் மாதிரி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி ரசித்தேன்.

முதல் பெட்டி அடித்து வந்ததும் ஓர் இன்சர்ட்டை வைத்துப் பார்த்திருக்கலாம். நான் பார்த்திருப்பேன் என்று மூத்தார் நினைத்தார். அவர் பார்த்திருப்பார் என்று நான் நினைத்தேன். நடுவில் இருந்த சுவர் ஒன்றும் நினைக்கவில்லை. ஆர்டர் மொத்தமும் அடித்து, பிசிறு சுரண்டி, கூரை வரைக்கும் அடுக்கியாயிற்று.

தவளக்குப்பத்துக்காரர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். பை நிறைய இன்சர்ட் கொண்டுவந்திருந்தார். மூத்தாரே சால்டரிங் கம்பியை எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, மனசுக்குள் சுழல் நாற்காலிக்குப் புது உறை தைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் இன்சர்ட் தொளைக்குள் இறங்கவில்லை. மேலேயே உட்கார்ந்திருந்தது. அழுத்தினார். தூண் பூரி மாதிரி உப்பி, ஒரு பக்கம் வாயைத் திறந்தது. கருகின வாசனை. இரண்டாவது தூணுக்குப் போனார். அது சாய்ந்து படுத்துக்கொண்டது.

"இன்னாங்க இது, நட்டு வச்ச வாழ சாயற மாதிரி சாயுது?" என்றார் தவளக்குப்பத்துக்காரர்.

"தொளையப் பெருசு பண்ணிக்கலாம்" என்று மூத்தார் ட்ரில்லை வைத்தார். ஒல்லித் தூண் நகம் பிளந்த மாதிரி இரண்டாகப் பிளந்தது. பெரிசு பண்ண அதில் சதையே இல்லை. அந்தப் புண்ணியத்தையும் நான்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.

மூத்தார் சுவரைப் பார்த்துத் திரும்பினார். "இந்தத் தொளைய இன்னா கணக்குல போட்டாங்கன்னு யாராச்சும் சொன்னா தேவல."

அக்கா பிரிண்டருக்குப் பின்னால் போய்விட்டாள். கண்டக்டர் இறங்கிவிட்டார், நான்தான் பேச வேண்டும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். மூத்தாரைப் பார்க்கக் கூடாது. வெளி ஆம்பிளையைப் பார்க்கவும் கூச்சம். எதிரில் ஹெல்மெட் இருந்தது. அதைப் பார்த்தே சொன்னேன்.

"எம் த்ரீன்னு தான் சொன்னாங்க. வெளிச்சுத்து யாரும் சொல்லல. அதனால எம் த்ரீ மரைத் தொளையே போட்டுட்டேன்."

தவளக்குப்பத்துக்காரர் ஹெல்மெட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். என் கண்ணும் கூடவே போனது. அவர் குழம்பிப்போய் மூத்தாரிடம், "அந்த அம்மா யார்கிட்டங்க பேசுறாங்க?" என்றார்.

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். அக்காவாகத்தான் இருக்கும்.

மூத்தார் கோபப்படவில்லை. கத்தியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். சட்டைப் பையில் கை விட்டு, மாதிரிக்கு வந்த அந்த இன்சர்ட்டுகளை எடுத்து மேசை மேல் வைத்து, சுவரிடம் பொறுமையாகச் சொன்னார்.

"ஒரு வார்த்த கேட்டு வாங்கி அளந்திருக்கலாம். கேட்டா குடுத்திருக்க மாட்டனா?"

அந்தக் கேள்வியில் ஒரு குறையும் இல்லை. ஊரில் யாரிடம் சொன்னாலும் அவர் சொன்னதுதான் சரி என்பார்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போயிருந்தால், "மூத்தார்கிட்ட மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுறாளாமே" என்று ஒரு வருஷத்துக்கு ஓடியிருக்கும் என்பதைச் சுவர் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

பெட்டிகள் மூட்டையாகக் கட்டிப் பழைய பிளாஸ்டிக்குக்குப் போயின. அந்த வாரமே ஒரு இன்ஜினியர் பையன் வேலைக்கு வந்தான். வந்ததும் அந்தச் சுழல் நாற்காலியில் ஒரு காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்தான். அரை மணி கழித்து, அங்கிருந்தபடியே, "சார், அந்த இன்சர்ட் ஒண்ணு குடுங்க, அளக்கணும்" என்றான். மூத்தார் எழுந்து வந்து கொடுத்தார். அவன் அளந்தான், கட்டத்தில் எண்ணை அடித்தான், ஓகே நீலமாயிற்று. அவ்வளவுதான். அவனுடைய படிப்பு அதற்குத் தேவைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. வாய் தேவைப்பட்டது.

நான் இன்றைக்கும் பிசிறு சுரண்டுகிறேன். கூடமாட ஒத்தாசை.

கதை மட்டும் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் மூடி பொருந்தாத டப்பா, நூல் கோக்காத ஊசி, கால் நுழையாத கொலுசு, எதுவாக இருந்தாலும் "அமுதா போட்ட தொள" என்பார்கள். போன தை மாதம் வில்லியனூர் கோயிலில் மூத்தாரின் பேத்திக்குக் காது குத்து. குழந்தை தாய்மாமன் மடியில், பத்தர் எதிரில் ஊசியோடு. மூத்தார் கூட்டத்தைப் பார்த்து ஆரம்பித்தார்.

"கம்மல மொதல்ல பத்தர்கிட்ட காட்டிட்டுத் தொள போடச் சொல்லுங்க. நம்ம வூட்ல ஒருத்தங்க இருக்காங்க, பொருளப் பார்க்காமலே தொள போடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தெரியாதவர்களுக்கு முழுக்கதையும் சொன்னார். பூரி வந்தது, சாய்ந்த வாழை வந்தது, ஹெல்மெட் வந்தது. ஹெல்மெட்டுக்கு நான் பதில் சொன்ன இடத்தை அக்கா நடித்தே காட்டினாள். அந்தக் கதையில் எல்லாம் வரும். சட்டைப் பை மட்டும் வருவதே இல்லை. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அதற்கு ஒரு பேச்சு வரும்.

சிரிப்பு அடங்கியதும் பத்தர் கையை நீட்டினார். "கம்மல் எங்கங்க?"

தட்டில் இல்லை. அக்காவின் கைப்பையில் இல்லை. வெற்றிலைக்கு அடியில் இல்லை. வாழைப்பழச் சீப்பைத் தூக்கிப் பார்த்தார்கள், ஜமுக்காளத்தை உதறினார்கள். எல்லோரையும்விட மூத்தார்தான் அதிகமாகத் தேடினார். "நல்ல நேரம் முடியப் போகுது" என்று யாரோ சொன்னார்கள். குழந்தை அழ ஆரம்பித்தது.

நான் கல்தூண் ஓரமாக, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றிருந்தேன். அங்கிருந்து அவர் புது வெள்ளைச் சட்டையின் பை நன்றாகத் தெரிந்தது. மெல்லிய துணி. உள்ளே நகைக்கடை ரோஸ் தாள் பொட்டலம், பளிச்சென்று.

ஒருத்தர் விடாமல் எல்லோரிடமும் கேட்டார்கள். என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?