ஏர்கோனுக்குப் பக்கத்தில் நிற்பவர்

இவரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கோலாலம்பூரில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும், எல்லாரும் சுவெட்டருக்குள் சுருண்டிருக்க, ஒருவர் மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏர்கோனுக்குப் பக்கத்தில் நிம்மதியாக நிற்பார். தன் உடம்புக்கு எது இதமோ அதுவே உலகத்துக்கும் இதம் என்று நம்பும் இனம். கெட்டவரா? இல்லவே இல்லை. உங்கள் நன்மைக்காகத்தான் உங்களை நடுங்க வைக்கிறார்.

எண்பதுகளில் ஷா ஆலமில் ஒரு தனியார் பூச்சி ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்த சிவசம்பு இந்த இனத்தின் நல்ல மாதிரி. அங்கே குளவி வளர்த்தார்கள். கொட்டுகிற குளவி அல்ல. கடுகில் பாதிகூட இல்லாதது. பயிரைத் தின்னும் புழு அந்துப்பூச்சியின் முட்டையிலிருந்து வருவது; அந்த முட்டைக்குள் இது தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்காது, குளவி பிறக்கும். பண்டமாரான் பக்கம் சோளம் போட்டிருந்த பக்கிரிசாமி இந்தக் குளவிகளை நம்பி மருந்தடிக்காமல் காத்திருந்தார்.

சிவசம்புவுக்கு வேர்த்தது. குளவி அறையின் ஏர்கோனைக் கடைசி வரை திருகினார்.

அவருடன் வேலை செய்த பூச்சியியலாளர் மீனலோசனி தடுத்துப் பார்த்தார். "சார், குளிர்ல இதுங்க மெதுவாத்தான் வளரும். இதுங்க வெளிய வர்றதுக்குள்ள நாம குடுக்க வச்சிருக்கிற அந்துப்பூச்சி முட்டைங்க பழசாயிடும்லா."

"எனக்கே இப்படி வேர்க்குது மீனா. இத்தனூண்டு பூச்சி, அது என்ன பாடு படும்?"

மீனலோசனி சுவெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார்.

குளவிகள் சாவகாசமாக வெளியே வந்தன. அவை முட்டை வைப்பதற்காக வெளியறையில் எடுத்து வைத்திருந்த அந்துப்பூச்சி முட்டைகளுக்குள் அதற்குள் புழு வளர்ந்து தலை கறுத்திருந்தது. குளவிகள் ஏறிப் பார்த்தன, தட்டிப் பார்த்தன, இறங்கிப் போய்விட்டன. பழைய முட்டை அவற்றுக்கு வேண்டாம். குளவி பெருகவில்லை, தோட்டத்துக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை.

பக்கிரிசாமி துளை விழுந்த சோளக் கதிரோடு வந்து நின்றார்.

"உங்க குளவிங்க வரல சார். புழுங்க மட்டும் சரியா வந்திருச்சு."

சிவசம்பு மனதார வருந்தினார். குளிர் போதவில்லை என்று முடிவு செய்து இன்னொரு ஏர்கோனுக்கு ஆர்டர் கொடுத்தார். பிறகு மகள் கல்யாணத்துக்காக லீவில் போனார்.

அவர் போன மறுநாளே மீனலோசனி குளவிக் கூண்டுகளை ஏர்கோன் இல்லாத ஸ்டோருக்கு மாற்றினார். அந்துப்பூச்சி அன்றன்றைக்கு இட்ட முட்டையை அன்றன்றைக்கே கொடுத்தார். குளவிகள் பெருகின. பக்கிரிசாமியின் அடுத்த போகம் தப்பியது. அவர் ஒரு சாக்குச் சோளத்தைக் கொண்டுவந்து, லீவு முடிந்து திரும்பியிருந்த சிவசம்புவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"குளிர்தான்யா காரணம்," என்றார் சிவசம்பு, கூண்டுகள் இடம் மாறியது தெரியாமல், தோளில் தட்டி. மீனலோசனி அதைத் திருத்தாமல் சோளச் சாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். கூண்டுகள் ஸ்டோரிலேயே இருந்தால் அவருக்குப் போதும்.

சிரிக்கிறீர்கள். போன மாதம் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போனீர்களே, பின் சீட்டில் பிள்ளைகள் டவலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே, அன்றைக்குக் காரை ஓட்டியது யார்?