'அக்கா'வின் காதல்

பினாங்குத் தீவிலேயே பெண்களுக்கு அதிக மரியாதை கொடுத்தவர் எங்கள் அலுவலக 'அக்கா'தான். அக்கா என்றால் பெண் இல்லை. மீசை வைத்த, ஆறடி ஆண். பெண்களைப் பார்த்தால் பதறிவிடுவான். பதறினால் வாயில் 'அக்கா' என்றுதான் வரும். வேலைக்குச் சேர்ந்த அன்று, பள்ளி முடித்த கையோடு வந்திருந்த வரவேற்புப் பெண்ணையே அக்கா என்றான். அன்றைக்கே பட்டம் கட்டிவிட்டோம். என்னிடம் மட்டும் பயமில்லை. நான் நிஜமாகவே அக்கா வயது.

கைப்பேசியில் ஆளே வேறு. அவன் எழுதும் செய்திகளைப் படித்தால் யாருக்கும் மனசு கரையும். அப்படி எழுதியே கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் அரசாங்க வேலை பார்க்கும் வசந்தியின் மனத்தைப் பிடித்துவிட்டான். வசந்தி அவனைவிடக் கொஞ்சம் மூத்தவள். வயதைக் காட்டியே பல வரன்கள் தட்டிப்போன வருத்தம் அவளுக்கு உண்டு. முதல்முறை நேரில் பார்த்ததும் இந்த மகராசன் எழுந்து நின்று, "உக்காருங்கக்கா" என்றிருக்கிறான். அவள் உட்காரவே இல்லை. வந்த வழியே ஃபெரி பிடித்துப் போய்விட்டாள்.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நான்தான் வசந்தியிடம் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு சந்திப்பு வாங்கினேன். இதுதான் கடைசி என்று அவளும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மதிய இடைவேளையில் அவனை எதிரே உட்காரவைத்து, 'வசந்தி' என்று சொல்லப் பழக்கினேன். என்னைப் பார்த்து அழகாகத்தான் சொன்னான், பாவி.

சூலியா தெரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் சந்திப்பு. துணைக்கு நான் அடுத்த மேசையில். வசந்தி வந்தாள், சோறும் வந்தது. இவன் குடித்த தே தாரேக் தேநீரில் பாதி சட்டைக்குப் போனது. கடைசியில் வாயைத் திறந்தான்.

"அக்..."

தொலைந்தது என்று நினைத்தேன். வசந்தி கைப்பையை எடுத்துவிட்டாள். ஆனால் அவன் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினான்.

"எனக்குப் பொண்ணுங்க முன்னாடி பயம் லா. பயந்தா வாய் இப்படித்தான் உளறுது. சத்தியமா வயச வெச்சி சொல்லல. உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, வசந்தி."

குரல் நடுங்கியது, கடையே திரும்பிப் பார்த்தது. அவன் தலை குனியவில்லை.

வசந்தி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க தம்பி, ஆறிடப்போவுது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அத்தனை பேர் நடுவில் அந்தப் பயந்தாங்கொள்ளி பேசியதை நினைத்தால் இன்றைக்கும் கர்வமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர், அந்தப் பையன் யார் என்று என்னிடம் கேட்டார்.

என் கூடப்பிறந்த தம்பி என்றேன்.