அந்தக் காரம் வேறு, இந்தக் காரம் வேறு

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு பண்டத்தின் காரம் குறைந்துவிட்டதா, இல்லை ருசி பார்த்துப் பார்த்து நாக்குதான் மரத்துப்போய்விட்டதா என்று சமைத்தவளே எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லூரியில் இத்தனை வருடமாக வேதியியல் நடத்துகிறேன், விடை தெரியவில்லை. இங்கே யாவரும் நலம், அங்கும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியைக் காதில் வாங்கி மீதியை நீயாகச் சேர்த்துக்கொள்வாய் என்பதால் எழுதுகிறேன்.

நாளை மதியம் இவருடைய அண்ணன் வருகிறார். போன தடவை வந்தபோது பெரியவர் சாப்பாட்டில் உப்பில்லை என்று சொன்னதும், "வந்த இடத்துலயும் உன் வாய் சும்மா இருக்காதா?" என்று இவர் கேட்டதும், "இனிமே இந்த வீட்டுச் சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளு!" என்று அவர் பாதித் தட்டில் எழுந்து போனதும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு இல்லை. இவர் வீராப்பாகத்தான் இருக்கிறார், ஆனால் போன் அடித்தால் முதலில் ஓடுவது இவர்தான். வேறு யாரோ என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிடும். பெரியவரின் மனைவிதான் பேசிப் பேசி அவரைக் கிளம்ப வைத்திருக்கிறார். "மக வீட்டுல சாப்பிட்டதுலேர்ந்து சிப்ஸும் அதுக்குத் தொட்டுக்கற சால்சாவும்னா உயிரை விடறாரு. காரம் மட்டும் ஆகாது, பாத்துக்கோ" என்றார். இது என்ன பெரிய வித்தை, தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது என்று இறங்கிவிட்டேன்.

மிளகாய் வாங்கப் போனவர் இவர். அண்ணனுக்குக் காரம் ஆகாதே என்று, கடையில் இருந்ததிலேயே சின்ன மிளகாயாகப் பொறுக்கி வந்திருக்கிறார். சின்னதாக இருந்தால் காரமும் சின்னதாக இருக்குமாம். நானும் மும்முரத்தில் கவனிக்காமல் நறுக்கிப் போட்டு, ஒரு கரண்டி வாயில் வைத்தேன், அக்கா, காது இரண்டும் அடைத்துப்போய் இவர் வாயசைப்பது மட்டும்தான் தெரிந்தது. மறுபடி காது கேட்கத் தொடங்கியபோது இவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்: "காரத்தை எது நடுநிலையாக்கும்? அமிலம். பத்தாவதுல படிச்சது. உனக்குத் தெரியாதா?" அந்தக் காரம் வேற, இந்தக் காரம் வேற, எழுத்து மட்டும்தாங்க ஒண்ணு என்று நான் மூச்சு வாங்கிச் சொல்லி முடிப்பதற்குள் வீட்டில் இருந்த எலுமிச்சை மொத்தத்தையும் பிழிந்துவிட்டார். இப்போது காரத்தோடு பல் கூசும் புளிப்பும் சேர்ந்துகொண்டது. நான் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். "புளிப்பு ஏறிப்போச்சுன்னா காரம் சேர்த்தா சரியாயிடும்" என்று தன் தத்துவத்தைத் திருப்பிப் போட்டு, சமையல் சோடாவைக் கொட்டினார். இது மட்டும் உண்மையிலேயே வேதியியல் காரம். சால்சா நுரைத்துப் பொங்கி மேடையில் வழிந்து அடுப்படித் தரைக்கு வந்தது. "அப்பா, அது உயிரோட இருக்குப்பா!" என்று மகள் நாற்காலி மேல் ஏறிக்கொண்டாள்.

இவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். முதலிலிருந்து செய்திருக்கலாம்தான், ஆனால் எலுமிச்சையெல்லாம் தீர்ந்துவிட்டது. அதைவிட, நான் தோற்றுப்போக வேண்டுமா? சோடா படாத பாதியை மீட்டு, தக்காளி சேர்த்தேன், ருசி பார்த்தேன். வெள்ளரிக்காய் சேர்த்தேன், பார்த்தேன். மாம்பழத் துண்டு, கொஞ்சம் சர்க்கரை, மறுபடி தக்காளி. ஒவ்வொன்றுக்கும் மகளும் ஒரு வாய், நானும் ஒரு வாய். கிண்ணத்திலிருந்து பாத்திரத்துக்கும் பாத்திரத்திலிருந்து அண்டாவுக்கும் மாறிவிட்டது. கடைசியில் எனக்குக் காரமே தெரியவில்லை. "நல்லாத்தான்மா இருக்கு, தண்ணி மாதிரி இருக்கு" என்கிறாள் மகள். இரண்டு பேர் தனித்தனியாகச் சோதித்து ஒரே முடிவு, இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? முறைப்படி செய்தால் எதையும் சரிக்கட்டலாம் என்பதற்கு இது சாட்சி. அளவெல்லாம் குறித்து அனுப்புகிறேன், நீயும் செய்துபார்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா வளமும் பெற்று, முடிந்தால் சமையல் கட்டுக்குள் வராமல், நீடூழி வாழட்டும்.

உன் அன்புத் தங்கை

பி.கு.: தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. மேலே எழுதியது எதையும் செய்துபார்க்காதே. இன்று பெரியவர் வந்தார், விறைப்பாக உட்கார்ந்தார், சிப்ஸில் சால்சாவை நிறைய அள்ளி வாயில் போட்டார். சிவந்தார். சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை என்று சொல்லிப் போனவரல்லவா, ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தாரை தாரையாகக் கொட்டியது. இவர் பதறிப்போய், "அண்ணே, நான்தாண்ணே தப்பு, அழாதண்ணே" என்று கட்டிக்கொண்டு தானும் அழுதார். இவர் சால்சாவைத் தொடவே இல்லை. பெரியவர் இவர் முதுகைத் தட்டிக்கொண்டே, மறு கையால் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். பிறகு இருவரும் சாயங்காலம் வரை பேசினார்கள். கிளம்பும்போது பெரியவர் வாசலில் என்னைப் பார்த்து, "அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துடுங்கம்மா. சமையல் நாங்க பாத்துக்கறோம். நீ ஒண்ணும் செஞ்சு எடுத்துட்டு வர வேண்டாம்" என்றார். "பாத்தியா, என்ன பாசம்!" என்கிறார் இவர்.