பதினோரு கம்பி அண்ணன்

ஒரு பாட்டைக்கூட முழுசாக வாசிக்காமல், ஒரு மாடியில் குடியிருந்த அத்தனை பேரையும் களைத்துப்போக வைத்த சங்கீதக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் பதினோரு கம்பி அண்ணன். எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூர் தோ பாயோ அடுக்குமாடியில் அவர் எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர் இருந்தது, பேருக்கு.

கப்பல் பட்டறையில் வரைபடம் போடும் வேலை. நாற்பதைத் தொட்டும் கல்யாணமாகவில்லை. பட்டறைக்கு வந்திருந்த ஸ்வீடன்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் கித்தாரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். ஊரில் கித்தாருக்கு ஆறு கம்பி என்றால் இதற்குப் பதினொன்று. கழுத்து, துணி துவைக்கும் பலகை அகலம். முன்னூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் 'லூட்' என்று ஒரு வாத்தியம் இருந்ததாம். அதன் பாட்டுகளை வாசிப்பதற்கென்றே செய்த கித்தாராம் இது.

"ஆறு கம்பி பாடும், தங்கச்சி. மிச்ச அஞ்சும் பின்னால நின்னு முழங்கும்," என்றார்.

பாடியும் கேட்டதில்லை, முழங்கியும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் 'டொய்ங்... டொய்ய்ங்' என்று சுருதி சேர்க்கும் சத்தம்தான். நம் ஊர்ப் புழுக்கத்தில் கடைசிக் கம்பியைச் சேர்ப்பதற்குள் முதல் கம்பி இறங்கிவிடும். திரும்ப முதலிலிருந்து. ஒருமுறை சர்ச்சில் ஞாயிறு பூசைக்குத் தூக்கிக்கொண்டு போனார். சுருதி சேர்ந்தபோது சாமியார் உடுப்பு மாற்றிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார்.

சிராங்கூனிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா இவரைப் பற்றி விசாரிக்க வந்தார். அண்ணனின் கெட்ட நேரம், ஷிப்ட் முடித்துத் தூக்கம் சொக்க வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் லிப்ட் வாசலில் கேட்டிருக்கிறார்.

"அவரா? எப்பப் பாத்தாலும் கம்பி எண்ணிக்கிட்டுதான் இருப்பாரு லா!"

எந்த ஜெயில் என்றுகூடக் கேட்காமல் அந்த மனிதர் பஸ் ஏறிவிட்டார். விஷயம் தெரிந்ததும் நாங்கள் மன்னிப்புக் கேட்கப் போனோம். "உண்மையைத்தானே சொன்னாரு," என்றுவிட்டு அண்ணன் அடுத்த கம்பியை முறுக்கினார்.

பிறகு எனக்குக் குழந்தை பிறந்தது. அது தூங்கவே தூங்காது. தோளில் போட்டு நடந்து நடந்து, நானே நின்றபடி தூங்கப் பழகியிருந்தேன். ஒரு சாயங்காலம் அலறிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அடங்கியது. பதறிப்போய்ப் பார்த்தால் தூங்குகிறது! சுவருக்கு அந்தப் பக்கம், 'டொய்ங்... டொய்ய்ங்.'

"அண்ணே, நிறுத்திடாதீங்க!" என்று ஓடினேன். அந்தக் கித்தாரைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் ஆள் நான்தான். அதன்பின் தினமும் வேலை முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், சுவரோரமாக நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

மழைக்காலத்தில் ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் வெளிச்சம்.

"தங்கச்சி, இன்னைக்குச் சுருதி நிக்குது. பதினொண்ணும் நிக்குது!"

நடைபாதையிலேயே உட்கார்ந்து வாசித்தார். ஆறும் பாடின, அஞ்சும் அடியில் முழங்கின. பெரிய கோயில் ஒன்றின் உள்ளே தனியாக நிற்பதுபோல் இருந்தது. அக்கம்பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

பாதிப் பாட்டில் என் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது.

அண்ணன் கையை எடுத்துவிட்டார். யாரையும் பார்க்காமல், அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த கம்பி ஒன்றைத் தானே இறக்கினார். "புள்ள தூங்கட்டும்," என்று பழையபடி 'டொய்ங்' என்று ஆரம்பித்தார்.

எனக்குக் கண் எரிந்தது. தூக்கம் கெட்ட கண்தான். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அது அழுவட்டும்ணே. நீங்க மிச்சத்த வாசிங்க."