ஆட்சேபம் வெட்டிய வரப்பு

மழை பெய்வதற்கே ஆட்சேபம் தெரிவிக்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஊரில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கலாம். மலையாள எல்லையோரச் சித்தூர்ப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் பெயர் 'ஆட்சேபம்'தான். மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால் 'ஆட்சேபம் அண்ணன்'.

கிராமசபையில் முதல் வரிசை நாற்காலி அவருடையது. வார்டு மெம்பர் மைக்கைத் தட்டியதுமே எழுந்துவிடுவார்.

"ஆட்சேபம்!"

"அண்ணா, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலைங்களே!"

"சொல்லத்தானே போறே தம்பி? முன்னாடியே பதிஞ்சு வெச்சுக்க."

தெருவிளக்குக்கு ஆட்சேபம், வெளிச்சத்தில் அவருடைய கோழிகள் தூங்காது. நன்றியுரைக்கு ஆட்சேபம், யார் என்ன செய்துவிட்டார்கள் என்று நன்றி? கூட்டத்தில் கொடுத்த பருப்புவடைக்கும் ஒருமுறை ஆட்சேபம் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

ஆனால் அவருடைய தலைசிறந்த ஆட்சேபம் சாக்கடைக்குத்தான். எங்கள் தெரு பள்ளம். ஓரத்தில் திறந்த சாக்கடை. அது போய் முடிவது ரோட்டுக்கு அடியில் இருக்கும் பழைய குழாயில். நல்ல மழைக்கு அந்தக் குழாய் தாங்காது. தண்ணீர் வாய்க்காலுக்குப் போக வேறு வழி ஆட்சேபத்தின் தென்னந்தோப்பு மட்டுமே. தோப்போரம் கொஞ்சம் இடம் விட்டு அவர் சம்மதபத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் புதுச் சாக்கடைக்குப் பஞ்சாயத்துப் பணம் கிடைக்கும். போடாவிட்டால் மார்ச் முடிந்ததும் திரும்பிப் போகும். வருஷாவருஷம் திரும்பிப் போனது.

என் கணவர் நேரிலேயே போய்க் கேட்டார்.

"ஏனுங்க, ஒரு ஓரந்தானுங்களே கேக்கறோம்?"

"உங்கூட்டு சோப்புத் தண்ணி என் தென்னைக்குப் பாஞ்சா, கள்ளு நுரைச்சுக்கிட்டு வருமுங்க. எந்தக் கள்ளுஷாப்புக்காரன் எடுப்பான்?"

"கள்ளு எப்பவும் நுரைக்குமுங்களே?"

"அது வேற நுரைங்க!"

எங்கள் தெருவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. மழைத்தண்ணீர் வாசற்படி ஏறினால், யாராவது நைசாகப் போய் அவருடைய தோப்பு வரப்பை வெட்டிவிடுவார்கள். அதனால் மேகம் கறுத்தாலே கறுப்புக் குடையும் மண்வெட்டியுமாக ஆட்சேபம் வரப்பில் வந்து நின்றுவிடுவார். சொந்த மகளின் கல்யாண ரிசப்ஷனிலிருந்து இடிச்சத்தம் கேட்டு ஓடிவந்து, பட்டுவேட்டியோடு காவல் நின்ற மனிதர்.

போன ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில், என் மகள் டியூஷன் முடிந்து வந்துகொண்டிருந்தாள். தெரு எது, சாக்கடை எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீர். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் எட்டு தள்ளி வைத்தாள். குடை மட்டும் மிதந்தது. பிறகு தலை தெரிந்தது. தண்ணீர் அவளைக் குழாயை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. நான் கத்தினேன், ஓடினேன். முழங்கால் தண்ணீரில் ஓட்டம் வரவில்லை. இன்றைக்கும் கனவில் வருவது அந்த ஓட்டம்தான்.

வரப்பில் காவல் நின்ற ஆட்சேபம் தன் குடையை வீசினார். ஊரில் யாரும் வெட்டக்கூடாது என்று தான் காத்த வரப்பை, அவரே மண்வெட்டியால் வெட்டினார். வாயும் ஓயவில்லை.

"பாயட்டும்! உங்க சோப்பு, சாம்பாரு எல்லாம் பாயட்டும்!"

வரப்பு உடைந்தது. தண்ணீர் குழாயை விட்டுவிட்டுத் தோப்புக்குள் திரும்பியது. கூடவே போன என் மகள் ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கி நிறுத்தியவர், நான் போய்ச் சேர்வதற்குள் அடுத்த ஆட்சேபத்தைத் தொடங்கியிருந்தார்.

"நீச்சல் தெரியாதா அம்மிணி? பள்ளிக்கூடத்துல வேற என்னத்தைத்தான் சொல்லித் தர்றாங்க?"

அடுத்த கிராமசபையில் சம்மதபத்திரம் தயாராக இருந்தது. மெம்பர் சிரித்துக்கொண்டே மைக்கைத் தட்டினார்.

"ஆட்சேபம்!"

"அண்ணா! அந்தப் பொண்ணு விழுந்ததுக்கப்புறமுமா?"

"நெலம் தர்றேன். இதுல மூடி எங்கே? தொறந்த சாக்கடைக்கு ஒரு சாண் தரமாட்டேன்."

"மூடிக்குப் பணம் பத்தாதுங்கண்ணா. அது அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் யாரூட்டுப் புள்ளை விழோணும்?"

நான் கிராமசபையில் வாய் திறந்ததே இல்லை. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"எனக்கும் ஆட்சேபமுங்க."

பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. தெருவே எழுந்து நின்றது. ஆட்சேபம் மட்டும், அவருடைய நாற்காலியை நான் பிடுங்கிக்கொண்டதுபோல என்னை முறைத்தார்.

"நீங்க உக்காருங்க அம்மிணி. ஆட்சேபம் சொல்றது என்ற வேலை."

மேட்டுப் பக்கத்துச் சாக்கடையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டு, இருந்த பணத்தில் பள்ளத்திலிருந்து தோப்பு வழியாக வாய்க்கால் வரை மூடியோடு கட்டினார்கள். இப்போது வரப்பை வெட்ட யாரும் வருவதில்லை. ஆனாலும் மேகம் கறுத்தால் அவர் வந்து நிற்கிறார். டியூஷன் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையும் கடந்து போன பிறகுதான் நகர்கிறார். ஏன் என்று கேட்டால், "கள்ளு நுரைக்குதான்னு பாக்கறனுங்க" என்கிறார்.

மழை நாளில் மகள் வரும் பஸ் தாமதமானால் நான் இன்னும் கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். தெருமுனை வரப்பில் அவருடைய கறுப்புக் குடை தெரிந்ததும் உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைக்கிறேன்.