மீன்குழம்புச் சட்டியும் என் சான்றிதழும்

சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று பல வருடமாகப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வந்த சந்தேகத்தை மட்டும் நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால், தெரியாது என்பது தெரிந்துவிடுமே. (வாத்தியார் வேலையில் இருக்கிற பெரிய ஆபத்து இதுதான். 'தெரியாது' என்கிற வார்த்தை வாயில் வராமலே போய்விடும்.) அந்தக் கெட்ட பழக்கம் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புதுச்சேரி மூலக்குளத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். முதல் பதினோரு வருடமும் ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு மே மாதமும் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் தலைமையாசிரியை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் பெரிது என்று அர்த்தம். ஆசிரியர் தரச் சான்றிதழ் வாங்குகிறவர்களை நிரந்தரம் செய்வது, வாங்காதவர்களுக்கு அடுத்த மே மாதம் கையெழுத்து இல்லை என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டதாம். பரீட்சை எல்லாம் கிடையாது. இணையத்தில் ஒரு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ, அதாவது ஆவணத் தொகுப்பு, செய்து ஏற்ற வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஒரு மதிப்பீட்டாளர் வீடியோவில் பேசுவார்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அந்த வயதில் இன்னொரு பள்ளி வாசலில் போய் நின்றால் யார் உள்ளே விடுவார்கள்? பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சிஸ்டரிடம், "அதுக்கென்ன சிஸ்டர், செஞ்சிடலாம்" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மாமியார் போன பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டவர், அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்தார்.

"போர்த்ஃபெய்யா? பர்ஸுதானேம்மா அது. அதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு? நேரு வீதிக்குப் போனா கிடைக்குது."

பிரெஞ்சில் பர்ஸுக்கு அப்படித்தான் பெயராம். நானும் என் கணவர் ஜெரோமும் அடக்க முடியாமல் சிரித்தோம். பாவம் மாமா, ஒரு வார்த்தையைப் போட்டு இப்படிக் குழப்பிக்கொள்கிறாரே என்று நினைத்தேன். (அடுத்து நான் செய்ததைக் கேளுங்கள்.)

விண்ணப்பக் குறிப்பு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதில் முக்கியமான வரி இதுதான்: ஐந்து 'ஆர்ட்டிஃபாக்ட்'டுகளின் படங்களை ஏற்றவும், ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் உருவானது, எதைக் காட்டுகிறது என்று நூறு சொற்களில் குறிப்பு எழுதவும்.

புதுச்சேரியில் வரலாறு எடுக்கிற ஒருத்தியிடம் போய் ஆர்ட்டிஃபாக்ட் என்றால் அவள் புத்தி எங்கே போகும்? நேரே அரிக்கமேட்டுக்குத்தான் போகும். பானை ஓடு, பாசிமணி, ரோமாபுரிக் கப்பலில் வந்த மது ஜாடி. வருடா வருடம் ஆறாம் வகுப்புக்கு நான் தொண்டை கிழியச் சொல்வது அதைத்தானே? என்னைப் போன்றவர்களுக்காகவே இந்தச் சான்றிதழை ஏற்படுத்தியிருக்கிறார்கள் என்று உள்ளம் குளிர்ந்துபோனது. கணக்கு டீச்சரை நினைத்துத்தான் பரிதாபப்பட்டேன். பழைய மரக்காலோ படியோ கிடைக்கிறதா பாருங்கள் என்று அவருக்கு வலியப் போய் யோசனையும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். என் பேச்சைக் கேட்காததால் முதல் முறையிலேயே தேறினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெரோமின் வண்டியில் ஏறி அரிக்கமேட்டுக்குப் போனோம். மாந்தோப்பும் இடிந்த செங்கல் சுவரும்தான் இருந்தன. சுவரைப் படம் எடுத்தோம். பிறகு அருங்காட்சியகத்தில் அனுமதி கேட்டு, ஒரு ஜாடிக் கழுத்து, ஒரு கிண்ணம், கொஞ்சம் பாசிமணி எடுத்தோம். ஆக நான்கு. ஐந்தாவதுக்கு எங்கே போவது?

பரணில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் எங்கள் வீட்டு மீன்குழம்புச் சட்டி, நான்கு துண்டாக. அதற்கு முந்தைய மாதம் அது உடைந்தபோது, வகுப்பில் காட்டலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். மண்ணுக்குள் கிடைத்த சட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள், இதை வைத்திருந்தவர்கள் யார், ஐந்து வரி எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மணி அடித்துவிட்டது. எழுதிய தாள்களிலேயே துண்டுகளைச் சுற்றிக் கொண்டுவந்து பரணில் போட்டதோடு சரி.

அதில் ஒரு தாளைத் தரையில் விரித்து, மேலே பெரிய துண்டை வைத்து ஜெரோம் படம் எடுத்தார். நான் கூசாமல் குறிப்பு எழுதினேன். 'கறுப்பு சிவப்பு மட்பாண்டம். விளிம்பில் கம்பி சுற்றப்பட்டுள்ளதால், உலோகத்தின் பயன்பாட்டை அக்கால மக்கள் நன்கு அறிந்திருந்தனர் எனக் கருத இடமுண்டு.' (கம்பி, மாமா கட்டியது. விளிம்பு விரிசல் விட்டபோது மாமியார் புதுச் சட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.)

வீடியோ நேர்காணல் ஒரு சனிக்கிழமை காலை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். மாமாவைப் பக்கத்து அறையில் இருமாமல் இருக்கச் சொல்லியிருந்தேன். மதிப்பீட்டாளர் வயதானவர், நிதானமானவர். என் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார்.

"ரொம்ப நல்லாருக்கு டீச்சர். வயசுக்கு மீறின வேலை. இதெல்லாம் செஞ்சது யாரு?"

"அது தெரியாது சார்."

"தெரியாதா? நீங்க அவங்ககிட்ட பேசியிருப்பீங்களே?"

"எப்படி சார் பேசறது? செஞ்சவங்க செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார். பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. அந்த மனிதர் சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். பிள்ளைகள் களிமண்ணில் செய்த மாதிரிகள் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாராம். இந்த விண்ணப்பத்தில் ஆர்ட்டிஃபாக்ட் என்றால் புதைபொருள் இல்லையாம். என் வகுப்பில் உருவானது, பிள்ளைகள் எழுதியது, வரைந்தது.

"நீங்க பாடம் எடுத்தீங்கங்கறதுக்கு சாட்சி டீச்சர். அப்படி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

என் மானம் ரோமாபுரிக் கப்பலிலேயே ஏறிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. அவர் கேட்ட சாட்சி என்னிடம் இல்லை. நோட்டுகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பரீட்சைத் தாள்கள் பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும். பதினோரு வருடத்தில் எத்தனை நூறு பிள்ளைகள்! அவர்கள் எழுதியதில் ஒன்றைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. முகம் தெரியாத குயவனைப் பற்றி நூறு சொல் எழுதத் தெரிந்த எனக்கு, எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றி எழுத ஒரு சொல் இல்லை. வேலை போனால்கூட நியாயம்தான் என்று அந்த நிமிடம் தோன்றியது. அழுகை வந்தது.

போவது போகட்டும், பொய்யாவது இல்லாமல் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"சார், அஞ்சாவது படம் அரிக்கமேட்டுல எடுத்தது இல்ல. அது எங்க வீட்டு மீன்குழம்பு சட்டி."

"அது தெரியுது டீச்சர். அடிப்பிடிச்சிருக்கு." படத்தைப் பெரிதாக்கினார். "கீழ ஒரு தாள் விரிச்சிருக்கீங்களே, பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு. அது என்ன?"

பட்டுப்புடவையோடு நாற்காலி போட்டுப் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். அந்தத் தாள் கசங்கிப்போயிருந்தது. ஆறாம் வகுப்பு யாழினி எழுதியது. சிவப்பு மையில் ஒரு கோடுகூட இல்லை. நான் அதைப் படிக்கவே இல்லை. அவர் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

'இந்த வீட்டில் மீன் சாப்பிட்டார்கள். அடிக்கடி தீய விட்டார்கள். சமைத்தவருக்கு வேறு வேலையும் இருந்திருக்கும். சட்டி உடையப் பார்த்தபோது கம்பி கட்டி வைத்துக்கொண்டார்கள். புதுச் சட்டி ஏன் வாங்கவில்லை என்று தெரியவில்லை. இது அவர்களுக்குப் பிடித்த யாரோ கொடுத்த சட்டியாக இருக்கலாம்.'

கடைசி வரியை இன்னொரு முறை வாசித்தேன். அது என் மாமியாருடைய சட்டி. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும். இரண்டு வருடம் பக்கத்தில் நின்று, அந்தச் சட்டியில்தான் எனக்குக் குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்தார். சாகும்போது என் கையில் விட்டுப்போனது அதைத்தான். திரும்பிப் பார்த்தேன். மாமா அறை வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

மதிப்பீட்டாளர் அந்தப் பெட்டியில் இருக்கிற தாள்களை எல்லாம் முதலில் படிக்கச் சொன்னார். அதிலிருந்து ஐந்தை எடுத்துப் பதினைந்து நாளில் மறுபடி ஏற்றச் சொன்னார். சட்டிப் படம் மட்டும் அப்படியே இருக்கட்டும், குறிப்பை மாற்றுங்கள் என்றார்.

சான்றிதழ் வந்தது. நிரந்தரமும் ஆகிவிட்டேன். சிஸ்டரின் அறையில் இப்போது உட்காரச் சொல்லாமலே உட்காருகிறேன். வீட்டில்தான் மரியாதை போய்விட்டது. ரசத்தில் உப்புக் கரித்தாலும் சப்பாத்தி அப்பளமாகிவிட்டாலும், இதைச் செய்தது யார் என்று ஜெரோம் ஆரம்பிப்பார். "செஞ்சவங்க செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு" என்று மாமா முடிப்பார். கருவடிக்குப்பத்தில் இருக்கிற நாத்தனார் வீடு வரைக்கும் இந்தக் கதை பரவிவிட்டது.

போன கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மாமியாரின் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். வஞ்சிரமீன் குழம்பு, நான்தான் வைத்தேன். நாத்தனார் ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்து, இது யார் வைத்த குழம்பு என்று கேட்டாள். ஜெரோம் சிரிக்கத் தயாராக மாமாவைப் பார்த்தார். நானும்தான்.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "செஞ்சவ செத்து அஞ்சு வருஷம் ஆச்சு. கை மட்டும் இவளுது."

யாரும் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லி அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.