இடது பக்கத்து இரைச்சல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஒலிக்கருவி மாத இதழை அட்டையிலிருந்து அச்சக முகவரி வரை ஒரு வரி விடாமல் படிப்பவனும், அரசு மருத்துவமனையில் முப்பத்திரண்டு வருடம் காது பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய அடியேன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அலுவலகத்தாரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நானும் மனைவியும் நலம். தாங்கள் அனுப்பிய ஆம்ப்ளிஃபயர் நலமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்கள் விமர்சகர்களுக்குக் காது கிடையாது என்று இதுவரை பதினோரு கடிதம் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாவதை எழுத உட்கார்ந்த அன்றுதான் பெட்டி வந்து இறங்கியது. 'நீங்களே கேட்டு எழுதுங்கள், இருபது நாள் அவகாசம்' என்று அதன்மேல் உங்கள் சீட்டு. கோபத்தில் அனுப்பியிருக்கிறாரா, மரியாதையிலா என்று மனைவி கேட்டாள். மரியாதையில்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முப்பத்தோரு கிலோ, ஐயா. தூக்கி வந்த இருவரும் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து, மூன்றாவது மாடியில் இருப்பவனுக்கு இது எதற்கு என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். டிவி மேசை அதைத் தாங்காது. வீட்டில் தாங்கக்கூடியது மனைவியின் தையல் மெஷின் மேசை ஒன்றுதான். ஆகவே மெஷின் கட்டிலுக்கடியில் போனது. அதிலிருந்து அவள் என்னிடம் அவசியத்துக்கு மேல் பேசவில்லை. மதிப்பீட்டுக்குத் தேவையான அமைதி இப்படியாக எனக்குக் கிடைத்தது.

தெரியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். இது கலப்பு வகை. முன்பகுதியில், பழைய ரேடியோவில் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்குமே, அந்த மாதிரி இரண்டு கண்ணாடி வால்வுகள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பாட்டை அவை பதமாக்கிக் கொடுக்க, பின்னாலிருக்கும் டிரான்சிஸ்டர்கள் பலம் சேர்த்து ஸ்பீக்கருக்குத் தள்ளுகின்றன. இனிமைக்கு வால்வு, உழைப்புக்கு டிரான்சிஸ்டர். நம் வீட்டில் நான் வால்வு, நீ டிரான்சிஸ்டர் என்று மனைவியிடம் சொன்னேன். உழைப்பு அவளுடையது என்பதை ஒப்புக்கொண்டாள். இனிமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நான்கு நாள் காலையும் மாலையும் கேட்டேன். ஒரு பெண் பாடுகிற இசைத்தட்டு, ஒரு வயலின், ஒரு பியானோ. நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'அபாரமான மென்மை. உச்ச ஸ்வரங்கள் பட்டுத்துணிக்குள் பொதிந்தது போல அடங்கி வருகின்றன. துளிக்கூடக் காதைக் குத்தவில்லை.' ஐந்தாம் நாள் மனைவி கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டு, "என்னங்க, இடது பக்கம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, அது பாட்டோட சேர்ந்ததா?" என்று கேட்டாள்.

"ஒரு சத்தமும் இல்ல."

"இருக்குங்க."

"முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கே காது பாத்தவன் சொல்றேன்."

"ஊருக்குப் பாத்தீங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

விடுவேனா நான்? ஃபேனை நிறுத்தினேன், ஃபிரிட்ஜை நிறுத்தினேன், சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியை உருவினேன், ஜன்னலுக்கெல்லாம் தலையணை வைத்து அடைத்தேன். செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஸ்பீக்கரில் ஒரு முனையும் காதில் ஒரு முனையுமாக மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. சரி, பாட்டை ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறுமே என்று குமிழைத் திருகினேன், இன்னும் கொஞ்சம் திருகினேன். கதவைத் திறந்துகொண்டு கீழ்வீட்டுப் பல் டாக்டர் வந்து நின்றார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"சார், கீழ ஒருத்தர் வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்கார். அவர் பல்லைத் தொடவே பயமா இருக்கு எனக்கு. நாற்காலியே ஆடுது."

"மெதுவாத்தானே டாக்டர் வெச்சிருக்கேன்?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் ஒரு முடிவோடு எழுந்தேன். வால்வில் குறை என்றால் வால்வு போகிற பக்கமெல்லாம் இரைச்சலும் போக வேண்டும், இல்லையா? மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கைக்குட்டையால் பிடித்து இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் செருகினேன். அவளிடம் மூச்சு விடவில்லை. பாட்டைப் போட்டேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு வலது பக்கம் வருது," என்றாள்.

வால்வில்தான் கோளாறு என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று. கூடவே இன்னொன்றும் தெரிந்துபோயிற்று. மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே பழைய மருத்துவமனைக்குப் போயிட்டேன். எனக்குப் பிறகு என் நாற்காலிக்கு வந்த அம்மாள், நான் சும்மா பார்க்க வந்திருக்கேன்னு நினைச்சு உபசரித்தார். இல்லம்மா, எனக்குத்தான் பார்க்கணும்னேன். அந்தச் சத்தம் புகாத அறையில், ஆயிரக்கணக்கான பேரை உட்காரவைத்த ஸ்டூலில், முதல்முறையாக நான் உட்கார்ந்தேன். ஸ்டூல் ஆடுகிறது, ஐயா. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட அதை எங்கிட்ட சொல்லலை. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க சார்," என்றார். ஆரம்பத்தில் நாலைந்து தடவை தூக்கினேன். அப்புறம் சத்தமே வரலை. வேறு யாரோ கூப்பிட்டிருப்பார்கள், போயிருப்பார் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். கதவைத் திறந்தார்.

"மிச்சத்தை எப்பம்மா ஆரம்பிப்பே?"

"முடிஞ்சிருச்சு சார்."

வரைபடத்தைக் கையில் கொடுத்தார். கோடு பாதி தூரம் வந்து, கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்து கிடக்கு. இந்த ஆளுக்கு உடனே காது மெஷின் எழுத வேண்டும் என்று என் கை தானாகப் பேனாவைத் தேடியது. மேலே எழுதியிருந்த பெயரை அப்புறம்தான் பார்த்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, என் பதினோரு கடிதங்களையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பட்டுத்துணி என்று எழுதினேனே, அதையும் அடித்துவிடுங்கள். துணி இருந்தது என் காதில். இந்த மதிப்பீட்டில் செல்லுபடியாகிற காது என் மனைவியுடையது மட்டுமே. 'ஒரு வால்வில் இரைச்சல், மாற்ற வேண்டும்' என்ற தீர்ப்பை அவள் பெயரிலேயே வெளியிடுங்கள். ஆனால் தொடங்கியதைப் பாதியில் விடுபவன் நான் இல்லை. இன்று நாலு மணிக்குக் காது மெஷின் மாட்டிக்கொள்ளப் போகிறேன். திரும்பி வந்ததும் முதல் தட்டிலிருந்து மறுபடி கேட்பேன். இன்னும் பத்து நாள் அவகாசம் கொடுங்கள், அந்த இரைச்சலை என் காதால் பிடித்துவிட்டு வருகிறேன்.

தங்கள் இதழ் பல்லாண்டு வளரவும், தங்கள் விமர்சகர்களின் காதுகள் எக்குறையும் இன்றி விளங்கவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் கடிதக்காரன்

பி.கு.: ஐயா, இதை எழுதுறது அவரோட மனைவி. கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லிட்டு அவர் மெஷின் மாட்டிக்கப் போயிருக்கார். அந்தப் பெட்டியில ஒரு இரைச்சலும் கிடையாது. இடதும் இல்ல, வலதும் இல்ல. வால்வை மாத்தினதைக் கதவிடுக்கில பாத்துட்டுத்தான் வலதுன்னு சொன்னேன். ரெண்டு வருஷமா காதைக் காட்டுங்கன்னு கெஞ்சிட்டேன், என்மேலதான் கோவம் வந்துச்சு. நான் சொன்னா போகாதவர், ஆம்ப்ளிஃபயர் சொன்னா போவார்னு பட்டது. என் பேர்ல தயவுசெய்து எதையும் போட்டுடாதீங்க, அந்தப் பெட்டியைச் செஞ்சவங்க பாவம். எனக்குக் கேட்டவரைக்கும் நல்லாத்தான் பாடுது. பத்து நாள் மட்டும் கொடுத்துடுங்க, இல்லாத இரைச்சலைத் தேடறதுக்காகவாவது மெஷினைக் கழட்டாம வெச்சிருப்பார். ஞாயித்துக்கிழமை பேத்தி போன் பண்ணுவா. அவ குரல் சன்னமான குரல். ரெண்டு வார்த்தை பேசிட்டு, "பாட்டிகிட்ட பேசும்மா"ன்னு இவர் என் கையில குடுத்துடுவார். இந்த ஞாயிறு போன் அடிச்சா நான் மொட்டைமாடிக்குப் போயிடறதா இருக்கேன்.